4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், ரெண்டு வருஷ உப்புத்தண்ணிக்கு அப்புறம்

வாங்கின ரெண்டாவது நாளே எழுதுற மீன்பிடி ரீல் ரிவ்யூ மேல எனக்கு நம்பிக்கையே கிடையாதுங்க. பெட்டிய பிரிச்சு ஹேண்டில நாலு சுத்து சுத்திட்டு வெண்ணை மாதிரி ஓடுதுன்னு சொல்லிடலாம், புது ரீல் எதுவா இருந்தாலும் அப்படித்தான் ஓடும். கடல்ல போட்டு எட்டு மாசம் கழிச்சு எப்படி சத்தம் போடுதுன்னு பாக்கணும், அதுதான் ரிவ்யூ. அதனால ரெண்டு வருஷம் கரையில இருந்தும், கயாக்லயும், ஃபைபர் போட்லயும் அடிச்சு ஓட்டிட்டு இப்ப எழுதுறேன். கம்பெனி பேரு சொல்லப் போறதில்ல. நடந்த கோளாறுல பாதி அவங்க தப்பு, பாதி என் தப்பு, எது எவ்ளோன்னு பிரிக்க எனக்கு தெரியல. அதோட இது ஒரு மாடலுக்கு மட்டும் பொருந்துற விஷயமும் இல்ல, நடுத்தர ரகத்துல வர்ற எல்லா 4000 சைஸ் ரீலுக்கும் இதே கதைதான்.

மொதல்ல பெட்டில என்ன போட்டிருந்தான்னு சொல்லிடுறேன். அலுமினியம் பாடி, கியர் ரேஷியோ 6.2:1, அதாவது ஹேண்டில ஒரு சுத்து சுத்துனா, லைன் சுத்தி வச்ச ஸ்பூல சுத்தி ரோட்டர் ஆறு சுத்துக்கு மேல போகும், லைன் கிட்டத்தட்ட 1 மீட்டர் உள்ள வரும். மேக்ஸ் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது லைன விட்டுக் குடுக்குற பிரேக், 11 கிலோ. லைன் பி.ஈ 2 (பின்னின லைனோட தடிமன் நம்பர்) போட்டா 200 மீட்டர் புடிக்கும். அப்புறம் பெரிய எழுத்துல 10 பேரிங். அந்த பத்த பாத்துத்தான் நானும் வாங்கினேன், ஒத்துக்குறேன். இப்ப யாராவது கேட்டா பேரிங் எண்ணிக்கைய பாக்கவே பாக்காதீங்கன்னு சொல்வேன், ஏன்னா உப்புத்தண்ணில ஒவ்வொரு பேரிங்கும் துருப்புடிக்க இன்னொரு எடம், அவ்ளோதான். நல்லா மூடி வச்ச அஞ்சு பேரிங் ரீல், தொறந்து கெடக்குற பத்து பேரிங் ரீல விட நாள் தாங்கும்.

என் ரீல்ல மொத அடி வாங்கினது லைன் ரோலர். பெயில் ஆர்ம், அதாவது லைன ஸ்பூல்ல ஏத்துற வளைஞ்ச கம்பி, அதோட முனையில லைன் திரும்புற எடத்துல ஒரு குட்டி உருளை இருக்கும் பாருங்க, அதுதான். ரீல்லயே அதிகமா தண்ணி படுற எடம் அதுதான், நனைஞ்ச லைன் ஒவ்வொரு தடவையும் அதுமேல ஏறித்தான் உள்ள போகுது, கடல் தண்ணிய அதுவே பேரிங்க்கு ஊட்டி விடுற மாதிரி. எட்டாவது மாசம் ரீல் பண்ணும்போது கீச் கீச்னு சத்தம், நானும் ராடு கைட்ல (ராடுல லைன் போற வளையம்) இருந்து வருதுன்னு நெனச்சு ரெண்டு டிரிப் ஓட்டிட்டேன், அப்புறம் ஒரு நாள் வெரலால உருட்டி பாத்தா ரோலர் சுத்தவே இல்ல, லைன் அதுமேல ஒரே எடத்துல உரசி உரசி மெல்லிசா ஒரு கோடு விழுந்திருந்துச்சு. பிரெய்டு லைன் பின்னின, நீளாத நாரு, அதுல கொஞ்சம் உப்பு மணலும் சேந்தா அரம் மாதிரி அறுக்கும். லைனும் அந்த எடத்துல பஞ்சு மாதிரி சிலும்பி போச்சு, 30 மீட்டர் வெட்டி போட்டேன். பேரிங் மாத்தினது அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அதுக்கு முன்னாடி மாசத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தா அந்த வேலையே வந்திருக்காது. கடையில ரீல் பாக்கும்போது ஹேண்டில சுத்துறத விட்டுட்டு மொதல்ல அந்த ரோலர வெரலால உருட்டுங்க, அத கழட்டுற ஸ்குரூ சாதா ஸ்குரூடிரைவருக்கு வருதான்னு பாருங்க, ஸ்பேர் கெடைக்குமான்னு கேளுங்க.

அடுத்து டிராக். இதப்பத்தி கொஞ்சம் நீளமா பேசப் போறேன், ஏன்னா மீன் தப்பிச்ச கதை எல்லாத்துக்கும் பின்னாடி பெரும்பாலும் டிராக் தான் இருக்கு. 11 கிலோன்னு பெட்டில போட்டிருக்கறது கேக்க நல்லாருக்கும், ஆனா 4000 ரீல்ல அத யாரும் பயன்படுத்த முடியாது. என் லைன் 30 பவுண்டு, கிட்டத்தட்ட 13.6 கிலோ. லைன் தாங்குற எடையில நாலுல ஒரு பங்குல இருந்து மூணுல ஒரு பங்குக்குள்ள தான் டிராக் வைக்கணும், அப்ப கணக்கு போட்டா மூன்றரையில இருந்து நாலரை கிலோ. அவ்ளோதான். நின்ன எடத்துல வெறும் நாலு கிலோவ ராடு வழியா அஞ்சு நிமிஷம் இழுத்து பாருங்க, முதுகு சொல்லும். நான் கையில புடிக்குற சின்ன தொங்கு தராசு ஒண்ண லைன் முனையில கட்டி, ராட மீன் சண்டையில புடிக்குற மாதிரி வளைச்சு புடிச்சு, ஃபிரெண்ட விட்டு இழுக்க சொல்லி செட் பண்றேன். வெறும் ஸ்பூல்ல இருந்து கையால இழுத்து பாத்து ம்ம் போதும்னு சொல்றது ஏமாத்து வேலை, கைட்ல ஏற்படுற உராய்வு அதுல தெரியாது.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, எனக்கே ஒரு பெரிய பாறை மீன் போன பிறகுதான் புரிஞ்சது. மீன் லைன இழுத்துட்டு ஓட ஓட ஸ்பூல்ல லைன் கொறையும், அந்த சுத்தோட விட்டம் சின்னதாகும், சின்னதாக ஆக டிராக் தானா எறுகும். விட்டம் பாதியானா பிரஷர் ரெட்டிப்பு. 4000 ஸ்பூல்ல பாதி வரைக்கும் போகாதுதான், ஆனா அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சாலே பிரஷர் கால் பங்கு ஏறிடும். அதுக்கு மேல தண்ணில வளைஞ்சு கெடக்குற லைனும் தனியா இழுக்கும். நான் என்ன பண்ணேன், மீன் 120 மீட்டர் கிட்ட எடுத்துட்டு போயிடுச்சு, பயத்துல இன்னும் ரெண்டு கிளிக் டைட் பண்ணேன். டப்புன்னு ஒரு சத்தம், அதோட முடிஞ்சது. அந்த நேரத்துல கொஞ்சம் லூஸ் பண்ணிருக்கணும், மனசு எங்க கேக்குது.

ஆனா டிராக் வாஷர பத்தி ரீல பாராட்டியே ஆகணும். கார்பன் வாஷர், ரெண்டு வருஷத்துல ஒரு தடவை கூட சிக்கி சிக்கி லைன் விடல. டிராக்கோட உச்ச எண்ண விட அது முதல் இழுப்புல எவ்ளோ வழுக்கா கெளம்புதுங்கறதுதான் முக்கியம், கெளம்பும்போது ஒரு வெட்டு வெட்டுனா அதுலயே லீடர், அதாவது லைன் முனையில சேத்து கட்டுற தனி நரம்பு, போயிடும். கடையில இத சோதிக்க சுலபமான வழி இருக்கு, டிராக்க நடுவாந்தரமா வச்சு லைன ரொம்ப மெதுவா இழுங்க, விட்டு விட்டு வந்தா வேணாம்னு வச்சுடுங்க.

சரி, லைன் சுத்துறது. புதுசா பிரெய்டு வாங்கி அப்படியே ஸ்பூல்ல கட்டி சுத்துனா, மொத்த லைனும் ஒரே கட்டியா ஸ்பூல் மேல வழுக்கி சுத்தும், வெளிய பாத்தா டிராக் போயிடுச்சுன்னு தோணும். பிரெய்டுக்கு புடிமானம் கிடையாது. அடியில பத்து மீட்டர் சாதா நைலான் நரம்பு சுத்திட்டு அதுமேல பிரெய்ட சேருங்க, இல்லாட்டி ஸ்பூல்ல ஒரு துண்டு டேப் ஒட்டிடுங்க. சுத்தும்போது ஈரத்துணியால லைன இறுக்கி புடிச்சுக்கணும். விளிம்புல இருந்து 1, 2 மில்லிமீட்டர் விட்டு நிறுத்துங்க. முழுசா நெரப்பினா தூரம் போகும்னு ஆசைப்பட்டு நான் விளிம்பு வரைக்கும் நெரப்பினேன், மூணாவது காஸ்ட்லயே கைட்டு வாயில பறவை கூடு மாதிரி ஒரு சிக்கு. காஸ்ட் முடிஞ்சதும் பெயில கையால மூடிட்டு லைன ஒரு இழுப்பு இழுத்து டைட் பண்ணிட்டு அப்புறம் ரீல் பண்ணுங்க, ஹேண்டில சுத்தி பெயில மூடுனா ஒரு லூஸ் வளையம் ஸ்பூல்ல விழுந்துடும், அடுத்த காஸ்ட்ல அதுதான் சிக்காகும். இந்த ஒரு பழக்கம் மட்டும் எனக்கு எத்தன லூர (செயற்கை எரை) காப்பாத்திருக்குன்னு கணக்கே இல்ல.

லீடருக்கு வர்றேன். பிரெய்டு ஒரு துளி கூட நீளாது, பல்லுலயும் பாறையிலயும் பட்டா உடனே அறுந்துடும், அதனால முன்னாடி ஒன்றரை ரெண்டு மீட்டர் லீடர் கட்டாயம். ஃப்ளூரோகார்பன் தண்ணில கண்ணுக்கே தெரியாதுன்னு விளம்பரம் பண்ணுவாங்க. அதோட ஒளிவிலகல் எண் 1.42, தண்ணிக்கு 1.33, நைலானுக்கு 1.5க்கு மேல, அந்த அளவுக்கு உண்மைதான். என்ன கேட்டா அத விட அது உரசல் தாங்குறதுக்காகத்தான் வாங்கணும். ஒரே ஒரு எடத்துல மட்டும் நைலான் ஜெயிக்கும், மேல மெதக்குற லூர் போடும்போது. ஃப்ளூரோகார்பன் தண்ணிய விட கிட்டத்தட்ட 1.8 மடங்கு கனம், லூரோட மூக்க கீழ இழுத்து ஆட்டத்த கெடுத்துடும். பிரெய்டையும் லீடரையும் சேக்குற முடிச்சுக்கு எஃப்ஜி நாட் பழகிக்கோங்க, மெல்லிசா இருக்கறதால கைட்டுல தட்டாம போகும். ஆடுற போட்ல கட்ட வரலன்னா டபுள் யூனி போதும், அவசரத்துல கட்டுன மோசமான எஃப்ஜிய விட ஒழுங்கா எச்சில் தொட்டு இறுக்குன டபுள் யூனி எவ்ளோவோ மேல். சீலா மாதிரி பல்லு மீனுக்கு இதெல்லாம் பத்தாது, முன்னாடி ஒரு சாண் கம்பி லீடர் போட்டே ஆகணும்.

ராடு நான் போட்டிருக்கறது 2.7 மீட்டர், 15ல இருந்து 45 கிராம் வரைக்கும் எறியலாம்னு எழுதியிருக்கும். கரைக்கு இந்த ஜோடி அருமை, 30 கிராம் மெட்டல் ஜிக், அதாவது உலோக லூர், போட்டா காத்து எதிர்ல இருந்தா கூட போய் விழும். தூரம் தூரம்னு அலையுறவங்களுக்கு ஒரு வார்த்தை, மீன் பல நேரம் கால் கிட்டயே அலை உடையுற பள்ளத்துல தான் மேயும், எடத்த விட நேரம் முக்கியம். தண்ணி ஏறுற நேரமோ எறங்குற நேரமோ ஓட்டம் இருக்கும்போது போங்க, ஓட்டம் நின்னு போன நேரத்துல எந்த ரீலும் உதவாது. ஏத்தம் வத்தம் தெனம் சுமார் 50 நிமிஷம் தள்ளி தள்ளி வரும், அமாவாசை பௌர்ணமி ஒட்டி ஓட்டம் பலமா இருக்கும். எரை போட்டு ஒக்காந்து புடிக்குறவங்களுக்கு இந்த ரீல்ல ஒரு கொறை, பெய்ட் ரன்னர் (மீன் எரைய எடுத்துட்டு போகும்போது லைன தளர்வா விடுற வசதி) கிடையாது. நான் டிராக்க நல்லா லூஸ் பண்ணி வச்சுட்டு சர்க்கிள் ஹூக், அதாவது முனை உள்பக்கமா வளைஞ்ச முள்ளு, போடுவேன். மீன் இழுத்துட்டு போனா ராட வெடுக்குன்னு அடிக்கக் கூடாது, டிராக்க மெதுவா எறுக்கி ரீல் மட்டும் பண்ணணும், முள்ளு தானா போய் வாயோரத்துல மாட்டிக்கும், மீன திரும்ப விடணும்னாலும் காயம் கொறைவு.

போட்ல எப்படின்னு கேப்பீங்க. போட்டுக்கு இந்த நீள ராடு தொந்தரவு, 2 மீட்டர் சுத்தி இருக்குற ராடு தான் சுகம். ரீல பொறுத்தவரைக்கும் 40, 50 மீட்டர் ஆழத்துல ஜிக் ஆட்டவும், மேல துள்ளுற சின்ன சூரை கூட்டத்துக்குள்ள எறியவும் நல்லாவே வேலை செய்யுது. அந்த வேகமான கியர் அங்கதான் உதவும், சூரை உங்கள நோக்கி ஓடி வந்தா லூஸ் விழாம சுருட்டிடலாம். ஆனா அதே வேகம் கனமான மீன தூக்கும்போது எதிரி. ஹேண்டில வச்சு மீன இழுக்க நெனச்சா கியர் தேயும், கையும் போகும். ராட தூக்கி மீன மேல கொண்டு வரணும், ராட எறக்கும்போது மட்டும் ரீல் பண்ணணும். ராட தூக்குறேன்னு சொல்லி வானத்த பாக்க நிமித்திடாதீங்க, மீன் போட்டுக்கு நேர் கீழ இருக்கும்போது அப்படி செஞ்சா முழு பாரமும் மெல்லிசான நுனிக்கு போயிடும். கூட வந்த தம்பி ஒருத்தன் "அண்ணே மேல வந்துடுச்சு"ன்னு கத்திக்கிட்டே நிமித்தினான், ராடு ரெண்டா போச்சு, ஒடஞ்ச நுனி லைன்ல வழுக்கி கீழ போய் மீன் மூக்குல உக்காந்துச்சு. மீன் கெடச்சது, அது வேற விஷயம்.

பாறைக்குள்ள இருக்குற கலவாவுக்கு இத நம்பாதீங்க. கடிச்ச மொத அஞ்சு நொடில அத நிறுத்தலன்னா பொந்துக்குள்ள போயிடும், அதுக்கு 8000 சைஸ் ரீலும் பி.ஈ 4 லைனும் வேணும். ட்ரோலிங்க்கும் வேண்டாம், மணிக்கணக்கா லூர இழுத்துட்டே இருக்குறது இந்த சைஸ் ரீலுக்கு தேவையில்லாத பாரம், 200 மீட்டர் லைன் ஒரு நல்ல ஓட்டத்துக்கே பத்தாது.

கயாக்ல தான் இந்த ரீலுக்கு உண்மையான பரீட்சை நடந்துச்சு. கரைக்கு வரும்போது அலையில கயாக் குறுக்க திரும்பி கவுந்துச்சு. ராடு கயிறு கட்டியிருந்ததால காணாம போகல, ஆனா ரெண்டு மூணு நிமிஷம் மணல் தண்ணில உருண்டுச்சு. பெட்டில வாட்டர் சீல்னு போட்டிருந்தான். தண்ணி கியருக்குள்ள போகல, நல்ல விஷயம், பிரிச்சு பாத்தேன் கிரீஸ் வெள்ளையாகாம இருந்துச்சு. ஆனா மணலுக்கு எந்த சீலும் கிடையாது, ஸ்பூலுக்கு அடியிலயும் ஹேண்டில் நாப்லயும் கர கரன்னு ஒரு வாரம் வந்துட்டே இருந்துச்சு. அன்னில இருந்து அலை உடையுற எடத்த கடக்குறதுக்கு முன்னாடியே ராட கயாக்குள்ள படுக்க வச்சுடுறேன். லைஃப் ஜாக்கெட் போடாம நான் ஏறுறதே இல்ல, இஞ்சின் போட்னா இஞ்சின நிறுத்துற கில் ஸ்விட்ச் கயிற மணிக்கட்டுலயோ ஜாக்கெட்லயோ மாட்டுவேன். இடி சத்தம் கேட்டா மொதல்ல ராட கீழ வைங்க, கார்பன் ராடு மின்சாரத்த நல்லாவே கடத்தும்.

இப்ப என் தப்புக்கு வர்றேன். மொத ஒரு வருஷம் ஒவ்வொரு டிரிப் முடிஞ்சதும் கார் கழுவுற பிரஷர் பைப்ப வச்சு ரீல பளபளன்னு அடிச்சு கழுவினேன், நல்லா பாத்துக்குறேன்னு பெருமை வேற. அந்த வேகத்துல தண்ணி உப்ப வெளிய தள்ளாது, ரோலருக்குள்ளயும் சீலத்தாண்டியும் உள்ள தள்ளிடும். ரோலர் செத்ததுக்கு பாதி காரணம் அதுவாத்தான் இருக்கணும். சரியான முறை என்னன்னா, டிராக்க முழுசா டைட் பண்ணிடணும், அப்பத்தான் தண்ணி வாஷர் பக்கம் போகாது, அப்புறம் குழாய்ல மெதுவா விழுற நல்ல தண்ணில ஒரு நிமிஷம், ஸ்பூல்ல இருக்குற லைன் மேல கூடவே கொஞ்ச நேரம், ஏன்னா பாதி உப்பு லைனுக்குள்ள தான் ஒளிஞ்சிருக்கு. பக்கெட்ல ஊற போடவே கூடாது. தொடச்சிட்டு டிராக்க முழுசா லூஸ் பண்ணி நெழல்ல காய வைங்க, டைட்டாவே வச்சா வாஷர் அமுங்கி ஒட்டிக்கும். காஞ்சதும் ரோலருக்கும் நாப்புக்கும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய். ராடு கைட்டையும் கழுவுங்க, அப்பப்ப ஒரு பஞ்ச கைட்டு வளையத்துக்குள்ள சுத்தி பாருங்க, நார் மாட்டுச்சுன்னா உள்ள விரிசல் இருக்கு, லைன் தின்னுடும்.

ரெண்டாவது தப்பு அத விட மோசம். சர்வீஸ் வீடியோ எதையோ பாத்துட்டு நானே ரீல பிரிச்சேன், கெடச்ச எடத்துல எல்லாம் கிரீஸ அப்பிட்டேன். ஹேண்டில் பின்னாடி சுத்தாம நிறுத்துறதுக்கு உள்ள ஒரு வழி கிளட்ச் இருக்கும், சின்ன சின்ன உருளை வச்சது, அதுல கிரீஸ் போனா உருளை வழுக்கும். அடுத்த டிரிப்ல நல்ல கடி, நான் ராட தூக்குறேன், ஹேண்டில் சடசடன்னு பின்னாடி சுத்தி வெரல் முட்டில அடிச்சுது பாருங்க, மீன் போனது கூட அப்புறந்தான் தெரிஞ்சது. கியருக்கு கிரீஸ், பேரிங்க்கும் ரோலருக்கும் மெல்லிசான எண்ணெய், கிளட்ச் பக்கம் கையே வைக்காதீங்க. துரு எடுக்குற ஸ்பிரேயயும் ரீலுக்குள்ள அடிக்காதீங்க, இருக்குற கிரீஸயும் கரைச்சு கொண்டு போயிடும்.

கம்பெனி மேல எனக்கு இருக்குற ஒரே கோபம், ரோலர் பேரிங் ஸ்பேர் கேட்டு எழுதினா மூணு வாரம் பதிலே இல்ல, அப்புறம் முழு ரோட்டரும் வாங்குங்கன்னு பதில் வந்துச்சு. நான் ஸ்கேல்ல அளந்து பொதுவா கெடைக்குற அதே சைஸ் ஸ்டெயின்லெஸ் பேரிங்க போட்டேன், கச்சிதமா உக்காந்துச்சு. இன்னொரு குறை, பெயில் ஸ்பிரிங் ரெண்டாவது வருஷம் கொஞ்சம் தளர்ந்து போச்சு, வேகமா எறியும்போது எப்பவாவது பெயில் தானா மூடி லூர் மட்டும் தனியா பறந்து போகுது. ஹேண்டில் ஸ்குரூ மாதிரி திருகி மாட்டுற வகை, மடக்குற வகை மாதிரி ஆட்டம் கெடையாது, அதுக்கு ஒரு சபாஷ். பாடி பெயிண்ட் ரெண்டு எடத்துல பேந்து அலுமினியம் வெள்ளை பூத்திருக்கு, பாக்க அசிங்கம், வேலைக்கு பாதிப்பு இல்ல. கிராஃபைட் பாடின்னா இந்த பிரச்சன வராது, ஆனா பாரம் ஏறும்போது அது லேசா வளையும், கியர் ஒண்ணோட ஒண்ணு சரியா உக்காராது, அதனால திரும்ப வாங்கினாலும் அலுமினியம் தான் வாங்குவேன்.

யாருக்கு இது? கரையில நின்னு லூர் எறியுறவங்க, சின்ன போட்ல, கயாக்ல லைட்டா ஜிக் ஆட்டுறவங்க தாராளமா வாங்கலாம். ஒரே ரீல்ல எல்லாமே பண்ணணும்னு நெனைக்குறவங்க ஏமாந்துடுவீங்க. அஞ்சுக்கு மூன்றரை குடுப்பேன், அதுல அர மார்க் டிராக்குக்கு மட்டும். வாங்குற அன்னிக்கே ரோலர் பேரிங் சைஸ அளந்து ரெண்டு ஸ்பேர் வாங்கி டேக்கிள் பாக்ஸ்ல போட்டுக்கோங்க, என் பாக்ஸ்ல இப்ப மூணு இருக்கு.